பிக்கப் மாற்றுவதற்கு முன்: மலிவு விலை கிட்டாரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரே வாரத்தில் மூன்று எலெக்ட்ரிக் கிட்டார்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் மேசைக்கு வந்தன. மூன்றும் பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கியவை. கொண்டுவந்த மூவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "பிக்கப் சரியில்லை மாஸ்டர், நல்லதாக ஒரு செட் போட்டுக் கொடுங்கள்." பிக்கப் என்பது தந்திகளுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம். பிரித்துப் பார்த்ததில் ஒன்றுக்குத்தான் பிக்கப் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்று, திருப்புளியை நாலு சுற்றுச் சுற்றியதில் சரியானது. இன்னொன்றில் கோளாறு கிட்டாரிலேயே இல்லை. அதன் சொந்தக்காரர் அதற்குள் பிக்கப்புக்குப் பணம் கொடுத்து முடித்திருந்தார். அவர் செய்த தவறு பல ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்ததேதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

துருப்பிடித்த தந்தியை மாற்றுங்கள், சுருதி சேர்த்துவிட்டு வாசியுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

மிக்சரில் நேரடியாகச் செருகிவிட்டுப் பிக்கப்பைக் குறை சொல்வது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் கிட்டார் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் வாசிப்பது தேவாலயத்தில், இல்லாவிட்டால் மெல்லிசைக் குழுவில். இரண்டு இடத்திலும் கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் கிடைப்பது அரிது. மைக் செட்காரர் நீட்டும் கேபிளைக் கிட்டாரில் செருகுகிறோம். மறுமுனை நேராக, எல்லா மைக்குகளின் ஒலியையும் கலக்கும் மிக்சருக்குப் போகிறது. ஒலி கம்பளியைப் போர்த்தியது போல மந்தமாக வருகிறது. "மலிவு கிட்டார், பிக்கப் மட்டம்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். நாமும் நம்பிவிடுகிறோம்.

நடப்பது என்னவென்று பாருங்கள். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அது பாலாற்று மணலில் கையால் தோண்டிய ஊற்றைப் போன்றது. டம்ளரால் நிதானமாக மொண்டால் தெளிந்த நீர் வந்துகொண்டே இருக்கும். மோட்டாரை வைத்து இழுத்தால் வற்றிக் கலங்கிவிடும்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் நுழைவாயில் பொதுவாகப் பத்து லட்சம் ஓம் மின்தடை கொண்டது. டம்ளரால் மொள்ளும் கை அது. மிக்சரின் லைன் நுழைவாயில் பெரும்பாலும் பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்தான். மைக் நுழைவாயில் இன்னும் குறைவு, இரண்டாயிரம் ஓம் அளவில் இருக்கும். அதில் செருகினால் பிக்கப்பின் உயர் அதிர்வெண்கள்தான் முதலில் சாகின்றன. சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்பின் தூண்டல் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் தன்மை) இரண்டரை ஹென்றி, மின்தடை ஆறாயிரம் ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பத்தாயிரம் ஓம் நுழைவாயிலில் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸிலிருந்தே ஒலி சரியத் தொடங்கிவிடுகிறது. கிட்டாரின் பளபளப்பு, விரல் தந்தியைத் தட்டும் அந்த 'டிங்' எல்லாம் அதற்கு மேலேதான் இருக்கின்றன.

ஆகவே எத்தனை விலையுயர்ந்த பிக்கப்பைப் போட்டாலும் அதே மிக்சர் அதே இடத்தில் அதன் கழுத்தைப் பிடிக்கும். அதிகச் சுற்றுகள் கொண்ட 'ஹாட்' பிக்கப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். சுற்று கூடக் கூடத் தூண்டலும் கூடும். அப்போது சரிவு இன்னும் கீழேயே தொடங்கும்.

2006-இல் இதை நான் அறியவில்லை. மெல்லிசைக் குழுவில் ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். துபாயில் இருந்த மாமாவிடம் சொல்லி, கிட்டாரின் விலையைவிட அதிக விலைக்கு ஒரு பிக்கப் செட் வரவழைத்தேன். இரவு முழுவதும் உட்கார்ந்து பொருத்தினேன். அடுத்த கச்சேரியில் அதே கம்பளி ஒலி. பொருத்தியதில்தான் பிழை என்று நினைத்து மூன்று முறை பிரித்துப் பற்றவைத்தேன்.

உண்மை தெரிந்தது குடியாத்தத்தில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கச்சேரி ஒன்றில். அன்று என் கிட்டாரில் தந்தி அறுந்துவிட்டது. மாணவன் ஒருவனின் மலிவு கிட்டாரைக் கையில் எடுத்தேன். மிக்சரிலும் எனக்கு இடம் இல்லை. பேஸ் கிட்டார் வாசிக்கும் அண்ணன் தன்னுடைய பழைய ஆம்ப்ளிஃபயரின் இரண்டாவது துளையைக் காட்டி, "இதில் போட்டுக்கொள் தம்பி" என்றார். செருகி முதல் தந்தியைத் தொட்டேன். நான் மாதக்கணக்கில் தேடிய ஒலி வந்தது. அந்தக் கிட்டாரில் இருந்தது தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய பிக்கப். என் விலையுயர்ந்த செட் பக்கத்தில் பையில் கிடந்தது.

சென்ற மாதம் வந்த மூவரில், பிக்கப்புக்குப் பணம் கொடுத்து முடித்திருந்தவர் ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர். இரண்டு மாதச் சேமிப்பைப் போட்டுப் பிக்கப் வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்தால் முன்பு போலவே இருக்கிறதாம். பிக்கப் போலியோ என்று என்னைக் கேட்டார். என் மேசையில் இருக்கும் பத்து வாட் பயிற்சி ஆம்ப்ளிஃபயரில் செருகிக் காட்டினேன். கணீரென்று ஒலித்தது. அவர் முகம் மலர்ந்து, உடனே வாடியது. எதற்கும் முதலில் "பிக்கப்பை மாற்று" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சொல்வதற்கு அவர்களுக்குச் செலவில்லை. அந்த இளைஞருக்கு அது இரண்டு மாத உழைப்பு.

பணம் செலவழிக்கும் முன்பு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். அதே கிட்டார், அதே கேபிள், வாசிப்பதும் அதே கார்டு (கூட்டுச் சுரம்). முதலில் மிக்சரில், பிறகு யாரிடமாவது இருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில். ஆம்ப்ளிஃபயரில் ஒலி தெளிந்தால் உங்கள் பிக்கப் குற்றமற்றது. தேவை டிஐ பெட்டி. கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவே உட்கார்ந்து, கிட்டாரின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி. மின்சாரத்தில் இயங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பிக்கப் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை சிறிதுதான். சில மிக்சர்களில் கிட்டாருக்கென்றே, நுழைவாயிலின் மின்தடையை உயர்த்தும் 'ஹை இசட்' பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் போதும். பஃபர் (பிக்கப்பை இழுக்காமல் சிக்னலை வலுவாக அனுப்பும் சுற்று) உள்ள பெடல் ஒன்று நடுவில் இருந்தாலும் வேலை நடக்கும்.

கேபிளையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரும் ஏறத்தாழ நூறு பிக்கோஃபாரட் மின்தேக்கத்தைச் சேர்க்கிறது. கிட்டாரிலிருந்து மேடையின் மறுகோடி வரை பதினைந்து மீட்டர் கேபிளை இழுத்தால் உயர் ஒலி வழியிலேயே குறைந்துவிடும். கிட்டாரிலிருந்து டிஐ பெட்டி வரை மூன்று மீட்டர் போதும். அங்கிருந்து மிக்சர் வரை எவ்வளவு தூரம் போனாலும் கவலையில்லை.

உயரத்தைப் பார்க்காமல் விடுவது

திருப்புளிச் சுற்றில் சரியான கிட்டார் ஒரு மாணவியுடையது; அதன் கோளாறு இதுதான். பிக்கப்பின் இரு ஓரத்திலும் திருகு இருக்கிறது. அது உயரத்தை மாற்றுவதற்கு. ஆறாம் தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்திலிருந்து பிக்கப்பின் முனை வரை எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒற்றைச் சுருள் என்றால் ஆறாம் தந்திக்கு இரண்டு மில்லிமீட்டர், முதல் தந்திக்கு அதைவிடச் சற்றுக் குறைவு என்று தொடங்கலாம். அந்த மாணவியின் கிட்டாரில் ஐந்து மில்லிமீட்டர் இருந்தது. ஒலி மெலிந்து வந்ததில் வியப்பில்லை.

ஆசைப்பட்டு ஒரேயடியாக ஏற்றிவிடவும் கூடாது. காந்தம் தந்தியைத் தன் பக்கம் இழுக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த தந்தியை மீட்டினால் சுருதி இரண்டாகப் பிரிந்து அலையும். அப்படி அலைந்தால் கால் சுற்று, கால் சுற்றாக இறக்குங்கள்.

கிலோ ஓம் எண்ணைப் பார்த்து வாங்குவது

எண் பெரிதாக இருந்தால் பிக்கப் சிறந்தது என்ற நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. அந்த எண் செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. கம்பியை மெல்லியதாக்கினாலே, ஒரு சுற்றுகூடக் கூட்டாமல், எண் ஏறிவிடும். காந்தத்தின் வலிமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வெப்பநிலையும் அதை மாற்றும்: 20 டிகிரியில் 6.0 கிலோ ஓம் காட்டும் சுருள், வேலூரின் மே மாத 40 டிகிரியில் ஏறக்குறைய 6.5 காட்டும். வெயிலில் பிக்கப்பின் தரம் உயர்ந்துவிட்டதா என்ன?

செராமிக் காந்தம் என்றாலே மட்டம் என்பதும் இதே வகைதான். மலிவு பிக்கப்பைக் கவிழ்த்தால் அடியில் கருப்புக் கட்டியாக ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். 1972-இல் வந்து மாற்றுப் பிக்கப் சந்தைக்கே வழிவகுத்த டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப்பிலும் இருப்பது செராமிக் காந்தம்தான்.

இரைச்சலுக்குப் பிக்கப்பைத் தண்டிப்பது

ஒற்றைச் சுருள் இரைவது அதன் இயல்பு. டியூப்லைட் சோக், மின்விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றின் இரைச்சலையும் அது பிடிக்கும். புதிய ஒற்றைச் சுருளை வாங்கிப் போட்டாலும் அதுவும் பிடிக்கும். 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கியதே இந்தத் தொல்லையைப் போக்கத்தான்.

ஆனால் முதலில் தந்தியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள்ளே செம்புத் தகடு ஒட்டுவது பலன் தரும். தொட்டதும் கூடினால், அல்லது எந்த மாற்றமும் இல்லாவிட்டால், தந்திகள் தங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கலாம். ஒரு துளி ஈயத்தில் முடியும் வேலை. இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால் வாசிப்பதை அப்போதே நிறுத்துங்கள். மேடையின் மின் இணைப்பில் எர்த் இல்லாமல் இருக்கலாம். எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை கிட்டாரைத் தொட வேண்டாம். இது உயிர் சம்பந்தப்பட்டது.

பழைய பிக்கப்பின் கம்பியை ஒட்ட வெட்டுவது

வெட்டாதீர்கள். ஈயத்தை உருக்கிக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள்.

அளக்காமல் வாங்குவது

முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே பிக்கப்புக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர்? அது தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

ஒன்றை மட்டும் மாற்றும்போது காந்தத்தின் திசையைப் பார்க்காதது

மூன்று பிக்கப் உள்ள கிட்டாரில் ஒன்றை மட்டும் மாற்றுவது தவறில்லை. ஆனால் நடுப் பிக்கப்பின் காந்தமும் சுற்றும் பல கிட்டார்களில் மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் இருக்கும். இரண்டை இணைத்து வாசிக்கும்போது இரைச்சல் அடங்குவது அதனால்தான். புதியது இதற்குப் பொருந்தாவிட்டால் இணைத்த நிலையில் ஒலி மூக்கால் பேசுவது போல மெலிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சிறு திசைகாட்டியைப் பழைய பிக்கப்பின் முனைக்கு அருகில் வைத்து, முள்ளின் எந்த நுனி இழுபடுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள். பொருத்திய பிறகும் மெலிந்தால் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள்.

அப்படியானால் எப்போது மாற்றலாம்?

கிட்டாரின் கழுத்து உங்கள் கைக்குப் பிடித்திருக்க வேண்டும். ஃப்ரெட்டுகள் சமமாக இருக்க வேண்டும். கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் நட்டில் தந்தி சிக்காமல் வழுக்கி ஓட வேண்டும். இவை சரியில்லாத கிட்டாரில் பிக்கப் மாற்றுவது வீண் செலவு. அந்தப் பணத்தை நட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்து, ஆம்ப்ளிஃபயரில் கேட்டும் மனம் நிறையாமல், என்ன குறைகிறது என்று உங்களால் வாயால் சொல்ல முடிந்தால் மாற்றுங்கள். கிட்டாரின் விலையில் பாதியைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஹம்பக்கருக்குப் போவதென்றால் 250 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலையும் 500-ஆக மாற்றுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பிடிக்கலாம்.

யோசிக்கவே வேண்டாத சந்தர்ப்பங்கள் இரண்டு உண்டு. ஒன்று, ஒலியைக் கூட்டியதும் பிக்கப் தானாகவே கீச்சிடுவது; நகத்தால் அதன் மூடியைத் தட்டினால் மைக்கைத் தட்டியது போலக் கேட்கும். சுருளுக்கு மெழுகு ஏற்றாததால் வருவது இது. மற்றொன்று சுருள் அறுந்து போவது. மூன்றாவதாக வந்த கிட்டாரில் இருந்தது இதுதான். திருப்புளி முனையால் மூன்று பிக்கப்புகளையும் தட்டினேன். முன்னும் பின்னும் 'டொக்' என்று ஒலிபெருக்கியில் கேட்டது. நடுவில் ஓசையே இல்லை. கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் முள் அசையவில்லை. செட் வாங்க வந்தவருக்கு ஒரே ஒரு பிக்கப், அதே செராமிக் வகையில், வாங்கிப் பொருத்தினேன். ஒரு மணி நேர வேலை. மற்ற இரண்டையும் நான் தொடவில்லை.