சீனம் கற்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத்தில் சீன மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் முதலாண்டு மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பயிற்சி வகுப்பில் உதவி வருகிறேன். முகங்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. தவறுகள் மட்டும் நான் மாணவனாக இருந்தபோது செய்த அதே தவறுகளாகவே இருக்கின்றன. வகுப்புக்கு ஒழுங்காக வாருங்கள், வீட்டுப்பாடத்தைச் செய்யுங்கள் என்பவற்றை எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதால், செய்யும்போது தவறாகவே தோன்றாத சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சொல் முதலில், தொனி பிறகு

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தொனி என்பது ஓர் அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம்; அது மாறினால் சொல்லின் பொருளும் மாறும். சீனத்தின் பொதுவழக்கான மாண்டரினில் நான்கு தொனிகளும், அழுத்தமின்றி ஒலிக்கும் ஒரு மெல்தொனியும் உண்டு. தொனியை நீக்கிவிட்டால் அந்த மொழியில் ஏறத்தாழ 400 அசைகளே மிஞ்சும். உயிரும் மெய்யும் எப்படி அசையின் உறுப்புகளோ, அப்படியே தொனியும் அதன் உறுப்பு. இருந்தும் முதல் பருவத்தில் சொற்களைத் தொனியில்லாமல் திரட்டிக்கொள்வதும், "பேசப் பேசத் தொனி தானாக வந்துவிடும்" என்று மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குத் தைரியம் சொல்வதும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றன. அது தானாக வருவதில்லை. எந்தப் பாடத்திலிருந்து பேசுகிறீர்கள் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரியும் என்பதால், நீங்கள் விட்டதை அவரே நிரப்பிக்கொள்கிறார். உங்கள் பாடநூலைப் பார்த்திராத ஒரு சீனருக்கு அந்த வசதி கிடையாது.

வாய்மொழித் தேர்வு ஒன்றில் ஒரு மாணவர் சுடுமண் வீரர் படை எனப்படும் பழங்காலச் சிலைத் தொகுதியைப் பற்றிப் பேச நன்றாகவே தயாராகி வந்திருந்தார். அந்தப் படை கிடைத்த சிஆன் நகரம் ஷான்சி மாகாணத்தின் தலைநகர். அதற்குக் கிழக்கே, தாய்யுவானைத் தலைநகராகக் கொண்ட இன்னொரு ஷான்சியும் இருக்கிறது. தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும் இவ்விரு பெயர்களையும் சீனப் பேச்சில் பிரிப்பது முதல் அசையின் தொனி மட்டுமே: மேற்கிலுள்ள மாகாணத்துக்கு மூன்றாம் தொனி, கிழக்கிலுள்ளதற்கு முதல் தொனி. மாணவர் முதல் தொனியிலேயே சொல்லிக்கொண்டு போனார். தாய்யுவான் இருக்கும் மாகாணத்தையா சொல்கிறீர்கள் என்று தேர்வாளர் பணிவாகக் கேட்டதும், தொனியை மாற்றுவதற்குப் பதிலாக அதே பெயரை இன்னும் உரக்கச் சொன்னார். பிறகு அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். சொற்கள் முழுவதும் தமிழ் எழுத்தில் இருந்தன. ஓரிடத்தில்கூடத் தொனிக்குறி இல்லை.

சில நூறு சொற்கள் இப்படி நாக்கில் படிந்துவிட்டால், அவற்றைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினமாகிறது. எத்தனை முறை சரியாகச் சொல்லிப் பார்த்தாலும், அவசரத்தில் பழைய உச்சரிப்பே முந்திக்கொள்ளும். கைப்பேசியும் இதற்குத் துணைபோகிறது. சீன ஒலிகளை ரோம எழுத்தில் எழுதும் பின்யின் முறையின் விசைப்பலகையில் தொனியைத் தராமலே தட்டெழுதலாம். இரண்டு ஷான்சிகளும் திரையில் வரிசையாக வந்து நிற்கும், கண்ணால் பார்த்து ஒன்றைத் தொட்டால் போதும்.

தொனியைக் கற்பவர்களும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது, நம் பேச்சு வழக்கப்படி கேள்வியின் கடைசிச் சொல்லில் குரலை உயர்த்துவது. இறங்கி முடிய வேண்டிய நான்காம் தொனி இதனால் இரண்டாம் தொனியைப் போல ஏறிவிடுகிறது. இரண்டாவது, மூன்றாம் தொனி. மொழியியலாளர் சாவ் யுவான்ரென் வகுத்த ஐந்து படி அளவில் (1 மிகத் தாழ்ந்த குரல், 5 மிக உயர்ந்த குரல்) அது 214 என்று குறிக்கப்படுகிறது, அதாவது இறங்கி ஏறுகிறது. ஆனால் முழுதாக ஏறுவது, தனியே சொல்லும்போதும் தொடரின் இறுதியிலும்தான். நடுவில், வேறு தொனி பின்தொடர்ந்தால், தாழ்ந்த நிலையிலேயே நின்றுவிடும். இன்னொரு மூன்றாம் தொனி பின்தொடர்ந்தால், முன்னது இரண்டாம் தொனியாகிவிடும். முதல் நாளே கற்கும் 'நீ ஹாவ்' என்ற முகமனிலேயே இந்த மாற்றம் நிகழ்கிறது. ஆகவே அசைகளைத் தனித்தனியாகப் பாடிப் பழகாமல், ஈரசைச் சொற்களாகவே பழகுங்கள்.

பின்யினை ஆங்கிலமாக வாசிப்பது

1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின், ரோம எழுத்துகளைக் கடன் வாங்கியதே தவிர ஆங்கில ஒலிகளை வாங்கவில்லை. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து பின்யினில் வரும்போது, 'பட்டம்' என்ற சொல்லின் முதலிலுள்ள பகரம்தான் ஒலிக்கிறது. தமிழருக்கு இது பிறந்தபோதே கைவந்த ஒலி. ஆங்கிலம் படித்த பழக்கத்தால் அதை 'பஸ்' என்பதன் முதலொலியாக மாற்றி நாமே கெடுத்துக்கொள்கிறோம். நமக்குப் புதியது இதன் இணையான மூச்சொலி: உள்ளங்கையை வாயருகே வைத்துச் சொன்னால் காற்று வந்து மோத வேண்டும்.

எழுத்தை வெறும் படமாக மனப்பாடம் செய்வது

சீன எழுத்துகளில் பெரும்பாலானவை, பொருளைக் காட்டும் ஓர் உறுப்பும் ஒலியைக் காட்டும் ஓர் உறுப்பும் சேர்ந்தவை. 'சிங்' என்ற ஒலி உறுப்போடு நீர் சேர்ந்தால் தெளிவு, சூரியன் சேர்ந்தால் வெயில் தெளிந்த வானிலை, மனம் சேர்ந்தால் உணர்வு, பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள். நான்கு எழுத்துகளை நான்கு படங்களாக உருப்போடுபவர் நான்கு மடங்கு உழைக்கிறார். உறுப்பு ஒலியைத்தான் காட்டும், தொனியைக் காட்டும் என்று நம்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கோட்டு வரிசையை மதிக்காதது

ஓர் எழுத்தின் கோடுகளை அவற்றுக்குரிய வரிசையில் இடாவிட்டால் எழுத்து கோணலாகும், வேகம் வராது, பிறர் கையெழுத்தும் படிக்க வராது.

அளவைச் சொல்லைத் தனியே விடுவது

சீனத்தில் எண்ணுக்கும் பெயர்ச்சொல்லுக்கும் இடையே ஓர் அளவைச் சொல் வர வேண்டும்: புத்தகத்துக்கு 'பென்', பொதுவாக 'க'. பெயர்ச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும் அன்றே அதற்குரிய அளவைச் சொல்லையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், தொனிக்குறியுடன்.