நினைவுப் பயிற்சியில் எது ஏறுகிறது, எது இறங்குகிறது: வீட்டிலேயே அளக்கும் முறை

அபாகஸ் கற்றால் பிள்ளைக்கு மூளை மொத்தமாகக் கூர்மையாகிவிடும் என்று நம்பிச் சேர்க்க வேண்டாம். வதோதராவில் பள்ளிப் பிள்ளைகளை மூன்று வருடம் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் கணக்குதான் தேறியது. மற்றத் திறன்கள் கூடவே ஏறவில்லை. அதற்கும் முன்பு, 1980இல் வெளியான ஆய்வில், ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவர் கேட்டதும் திருப்பிச் சொல்லும் இலக்கங்களை ஏழிலிருந்து 79 வரை கொண்டுபோனார். எழுத்துகளைக் கொடுத்தால் பழையபடி ஆறுதான். ஓட்டப்பந்தய வீரர் என்பதால் இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றிப் பிடித்துக்கொண்டார்; எழுத்துக்கு அந்தப் பிடி இல்லை.

இழப்பும் உண்டு. ஊர்த் தெருக்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் லண்டன் டாக்சி ஓட்டுநர்களுக்கு, மூளையில் நினைவுக்கும் வழியறிவதற்கும் உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாகவும் முன்பகுதி சிறிதாகவும் இருந்தது. சிக்கலான படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னால் பின்தங்கினார்கள். அதனால் பழக்கும் திறனோடு பக்கத்துத் திறனையும் சேர்த்து அளக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் அளவு மட்டும், பயிற்சி கூடாது. இலக்கங்களை ஒருவர் நொடிக்கு ஒன்றாக, ராகமில்லாமல் வாசிக்கட்டும். நான்கில் தொடங்கி ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால் முந்தைய நீளத்தைக் குறியுங்கள். போன் நம்பர் போல ஐந்து ஐந்தாகப் பிரித்து வாசித்தால் பாதி வேலையை வாசிப்பவரே செய்துவிடுவார். எழுத்துக்கும் இதே முறை. பிறகு 20 சொற்களை ஒருமுறை வாசித்து, எத்தனை வரிசையாக வருகிறது என்று பாருங்கள்.

படத்துக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளியில் ஒரு சிக்குக் கோலம். பார்த்து வரையச் சொல்லி, அரை மணி நேரம் கழித்துப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் கோடு சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று பார்த்து 25க்கு மார்க். நாலு பக்கமும் ஒரேமாதிரி உள்ள கோலம் வேண்டாம்: கால்வாசி நினைவிருந்தால் மீதியைத் திருப்பிப் போட்டுவிடலாம். தினமும் வாசலில் கோலம் போடுகிறவரை இதில் அளக்கவே முடியாது. அவருக்கு வேறு படம் கொடுங்கள்.

பயிற்சி இதுதான்: நன்றாகத் தெரிந்த ஒரு பாதையின் இடங்களில் சொற்களைப் படமாக வைத்துவிட்டு, பிறகு மனதுக்குள் அந்த வழியே போய் எடுப்பது. பாதை ஒன்று போதும் தொடங்க. புதுச்சேரி–கடலூர் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தயாராகவே இருக்கிறது: மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், பெரியகங்கணாங்குப்பம், ஆல்பேட்டை, மஞ்சக்குப்பம். நிறுத்தத்துக்கு இரண்டு சொல் வைத்தால் இருபது. 'வெல்லம்', 'குடை' என்று வந்தால் நோணாங்குப்பம் படகுத்துறையில் படகு நிறைய வெல்லம் உருகி வழிகிறது, படகுக்காரர் குடையால் துடுப்புப் போடுகிறார். வெல்லத்தை ஓரமாகச் சும்மா வைத்தால் திரும்பி வரும்போது கண்ணில் படாது.

தினம் 30 நிமிடம், ஆறு வாரம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் இதே அளவுப் பயிற்சியில் 72 சொல்லில் சராசரி 26ஆக இருந்தது 62 ஆனது. பலர் கோட்டைவிடுவது ஒரே வழியில் ஒரே நாளில் இரண்டு பட்டியலை ஏற்றி. காலையில் வைத்த வெல்லம் மாலையிலும் வழியும். கைவசம் இரண்டு மூன்று வழி வைத்து மாற்றி மாற்றிப் போங்கள்.

முடிவில், முதலில் அளந்த அதே வேளையில், புதுச் சொற்கள், புது இலக்கங்கள், புது எழுத்துகள், அதே அளவு சிக்கலான புதுக் கோலம் வைத்து அளங்கள். சொல் தாவியிருக்கும், எழுத்து பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும். கோலத்தில் இரண்டு மூன்று மார்க் குறைவதைப் பொருட்படுத்த வேண்டாம். ஏழெட்டு குறைந்தால் முதலில் தூக்கத்தைச் சந்தேகப்பட்டு, இரண்டு நாள் விட்டு இன்னொரு கோலம் கொடுங்கள். அப்போதும் குறைந்தால் சொல் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, இடைநாளில் படம் வரைய வைத்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்ப அளங்கள்.