ஆறு பேருக்கு ஹார்ஸ்: ஆட்டம் மாறும் இடத்தில் கவனம்

தீபாவளி விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊர் திரும்பியதும் சுங்கை சிப்புட் தாமான் வீடுகளில் சீட்டு மேசை போடுகிறவர்கள், டெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டாம். ஐந்து போக்கர் ஆட்டங்களைக் கலந்து ஆடுவதுதான் ஹார்ஸ். ஹோல்டம் ஒன்றில் கைதேர்ந்தவர் ஹார்ஸில் தனியாக அள்ளிக்கொண்டு போக முடியாது. ஹோல்டம், ஒமாஹா ஹை-லோ, ராஸ், செவன் கார்ட் ஸ்டட், ஸ்டட் எய்ட்-ஆர்-பெட்டர் என்று ஐந்தும் முறை வைத்துச் சுழலும். 2006இல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரில் 50,000 டாலர் நுழைவுக் கட்டணத்தில் நடந்த ஹார்ஸ் போட்டியைச் சிப் ரீஸ் வென்றார். நம் மேசையில் காசு கூடவே கூடாது. உரிமம் இல்லாத இடத்தில் பணம் வைத்து ஆடுவது மலேசியாவில் குற்றம். சில்லு போதும்.

ஆறு பேர்தான் சரியான கணக்கு. ராஸும் சேர்ந்த ஸ்டட் வகை மூன்றிலும் ஆளுக்கு ஏழு சீட்டு; ஏழு பேர் கடைசிவரை நின்றால் 49 போய்விடும். எரிக்கும், அதாவது யாருக்கும் தராமல் ஒதுக்கும், நான்கு சீட்டையும் சேர்த்தால் 53, கட்டில் இருப்பதோ 52. ஆறு பேருக்கு 46இல் முடிந்துவிடும்.

வெள்ளைச் சில்லு 1, சிவப்பு 4, நீலம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20 வெள்ளை, 20 சிவப்பு, 15 நீலம் கொடுத்தால் 400 ஆகும். பந்தயம் 4, 8 என்ற வரம்பில். ஹோல்டம், ஒமாஹாவில் பிளைண்ட் (சீட்டுப் பார்க்குமுன் இருவர் போடும் கட்டாயப் பந்தயம்) 2, 4. டர்ன் (மேசையில் திறக்கும் நான்காவது பொதுச் சீட்டு) முதல் 8. மற்ற மூன்றிலும் ஆண்டி (எல்லாரும் முதலில் போடுவது) 1, பிரிங்-இன் (ஒருவர் போடும் கட்டாய முதல் பந்தயம்) 2. ஐந்தாவது சீட்டு முதல் 8. ஒரு சுற்றில் ஒரு பந்தயம், மூன்று ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது), அதற்கு மேல் இல்லை.

ஒவ்வோர் ஆட்டமும் ஆறு கை. ஸ்டட் வகைகளில் டீலர் பட்டன் (சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) நகராது என்பதால், கை எண்ணுவதற்கு ஒருவரை நியமியுங்கள். பட்டனை அப்படியே நிறுத்திவைத்து, ஹோல்டம் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து நகர்த்த வேண்டும். ஆட்டத்தின் பெயரைக் கொட்டையாக எழுதிய ஐந்து அட்டை செய்து, நடப்பதை மேசை நடுவில் வையுங்கள். புது அட்டையை வைத்து, பெயரைச் சத்தமாகச் சொன்ன பிறகே சீட்டுப் போட வேண்டும். "அண்ணே, இது ஒமாஹாதானே?" என்று தம்பி நடுக்கையில் கேட்டால், அவர் கையில் என்ன இருக்கிறது என்று மேசைக்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலான தவறு முந்தைய ஆட்டத்தின் பழக்கத்தால் வருவது. மேசையில் நான்கு ஆட்டின் (ஹார்ட்ஸ்), உங்கள் கையில் ஆட்டின் ஏஸ் ஒன்று மட்டும். ஹோல்டமில் அது ஃபிளஷ் (ஐந்தும் ஒரே இனம்). ஒமாஹாவில் ஃபிளஷே இல்லை. அங்கே கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து மூன்று, கட்டாயம். ஹை-லோ ஆட்டங்களில் (இதுவும் ஸ்டட் எய்ட்-ஆர்-பெட்டரும்) பானையில், அதாவது சேர்ந்த சில்லில், பாதி பெரிய கைக்கு (ஹை), பாதி சின்னக் கைக்கு (லோ). லோ எடுக்க, எட்டோ அதற்குக் கீழோ ஐந்து வெவ்வேறு எண் வேண்டும். ஏஸும் சின்னதாகச் சேரும்.

ராஸில் சின்னக் கையே ஜெயிக்கும். ஏ-2-3-4-5 தான் உச்சம். ஸ்ட்ரெயிட் (தொடர் எண்), ஃபிளஷ் கணக்கில் வராது, ஜோடி கையைக் கெடுக்கும். ராஸில் திறந்த சீட்டுகளில் பெரியதை வைத்திருப்பவர் பிரிங்-இன் போடுவார், ஸ்டட் இரண்டிலும் சின்னதை வைத்திருப்பவர். சமமானால் இஸ்பேடு உயர்ந்தது, பிறகு ஆட்டின், டைமன், கிளாவர். நான்காவது சீட்டிலிருந்து ராஸில் சின்னக் கை முதலில் பேசும், ஸ்டட்டில் பெரிய கை. ராஸ் முடிந்த கையோடு ஸ்டட் வருவதால் ஏ-2-6ஐப் பிடித்துத் தொங்குபவர்கள் நிறைய. வெறும் ஸ்டட்டில் அதை மடக்கிவிடுங்கள்.

மூன்று ஸ்டட் வகையிலும் மடக்கிய சீட்டுகளைக் கவிழ்ப்பதற்குள் பார்த்து மனத்தில் வையுங்கள். உங்களுக்கு ஐந்து எண் சீட்டு வேண்டியிருந்து, கட்டிலுள்ள நான்கில் மூன்று போய்விட்டால், ஐந்துக்காகக் காத்திருப்பது வீண்.

ஹை-லோ பானையைப் பிரிக்கும்போது முதலில் சரிபாதி, ஒற்றைச் சில்லு மிஞ்சினால் அது ஹைக்கு. லோ இருவருக்குச் சமமானால் ஆளுக்குக் கால் பங்குதான். மூன்று பேர் சமமாகப் போட்ட பானையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்துக் கால் வாங்கினால் நஷ்டம். அதனால் ஏ-2ஐ மட்டும் நம்பி ரெய்ஸ் செய்யாதீர்கள். ஹையும் பிடிக்க வழியுள்ள கையில் செய்யுங்கள்.