ரெப்ளிகாவில் பழைய டேட்டா வருகிறதா? இதைச் செய்யுங்கள்

யூசர் தன் பெயரை மாற்றி சேவ் பண்ணுகிறார், பக்கம் திரும்ப லோட் ஆனதும் பழைய பெயரே நிற்கிறது. டேட்டா எங்கும் தொலையவில்லை. எழுதியது பிரைமரியில், அதாவது முதன்மை டேட்டாபேஸில்; படித்தது பின்தங்கியிருக்கும் ரெப்ளிகாவில், அதாவது அதன் நகலில், அவ்வளவுதான். உடனே எல்லா ரெப்ளிகாவையும் சிங்க்ரனஸ் (நகலுக்கும் போய்ச் சேரும்வரை பிரைமரி காத்திருப்பது) ஆக்கக் கிளம்பாதீர்கள்.

முதலில் குவெரிகளைப் பிரியுங்கள். ரிப்போர்ட்டுக்கும் தேடலுக்கும் சில வினாடி பழைய டேட்டா இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. கணக்கு இருப்பு, அப்புறம் ஒருவர் இப்போதுதான் மாற்றிய எதுவும், பிரைமரியிலிருந்து வரட்டும். அங்கே சுமை அதிகம் என்றால், எழுதியதும் கிடைக்கும் லாக் நிலையை (மாற்றங்களின் பதிவேட்டில் அந்த மாற்றத்தின் அடையாளம்), அதாவது போஸ்ட்கிரெஸில் எல்எஸ்என், மைஎஸ்க்யூஎல்லில் ஜிடிஐடி, செஷனில் வைத்துக்கொண்டு, ரெப்ளிகா அதுவரை வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு படிக்கலாம். கோடில் இரண்டு வினாடி ஸ்லீப் போடுவதெல்லாம் வைத்தியமே இல்லை. நெட்வொர்க் மந்தமாகும் அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

போஸ்ட்கிரெஸில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிங்க்ரனஸ் கமிட் என்ற செட்டிங் டீஃபால்ட்டாகவே 'ஆன்'தான், ஆனால் ஸ்டாண்ட்பைகளின், அதாவது ரெப்ளிகாக்களின், பெயரைக் கொடுக்காதவரை சொந்த டிஸ்க்கில் எழுதியதோடு அது திருப்திப்பட்டுக்கொள்ளும். பெயர் கொடுத்தாலும், ஸ்டாண்ட்பையின் டிஸ்க்கில் லாக் பதியும்வரைதான் காத்திருக்கும். அங்கே குவெரி போட்டால் புது டேட்டா தெரிய வேண்டுமென்றால் 9.6இல் வந்த 'ரிமோட் அப்ளை' வேண்டும். ஒரே ஸ்டாண்ட்பையை நம்பி இதைப் போட்டால், அது விழுந்ததும் பிரைமரியில் கமிட்டுகள் தொங்கிவிடும். இரண்டு வைத்து 'எனி 1' (ஏதாவது ஒன்று போதும்) கொடுங்கள், பதிப்பு 10 முதல் முடியும். அதிலும் ஒரு சிக்கல்: ஏதோ ஒன்றில் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம், நீங்கள் படிக்கப்போவது மற்றதாக இருக்கலாம். அதனால்தான் எல்எஸ்என் பார்க்கும் வழியை முதலில் சொன்னேன்.

கசாண்ட்ரா டேட்டாபேஸ் என்றால் மூன்று பிரதி, எழுதவும் படிக்கவும் குவோரம் (பாதிக்கு மேல்), அதாவது இரண்டு இரண்டு. இரண்டும் இரண்டும் மூன்றைவிடப் பெரிது என்பதால் ஒரு நோடாவது (பிரதி வைத்திருக்கும் மெஷின்) இரண்டுக்கும் பொதுவாக வந்துவிடும். எல்லா மெஷின்களின் கடிகாரத்தையும் என்டிபியால் (நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்துப்போகச் செய்யும் முறை) சரியாக வையுங்கள், ஏனென்றால் கடைசி டைம்ஸ்டாம்ப்தான் அங்கே ஜெயிக்கும். பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் ரிப்பேரை 10 நாளுக்குள் ஒருமுறை ஓட்டுங்கள், அழித்ததற்கான அடையாளத்தை வைத்திருக்கும் டீஃபால்ட் கெடு அதுதான். அதைவிட அதிக நாள் செத்துக்கிடந்த நோடை அப்படியே எழுப்பினால், நீங்கள் அழித்த வரிகளும் கூடவே எழுந்துவரும். டேட்டாவைத் துடைத்துவிட்டு புது நோடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.