கேற்றடி நாய்க்கு அஜிலிற்றி: வளவுக்குள்ளேயே தொடங்கலாம்

கேற்றில் ‘நாய் கடிக்கும் கவனம்’ என்று பலகை தொங்கும். உள்ளே அந்த நாய் சங்கிலியில் கிடந்து கொட்டாவி விடும். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு இப்படித்தான், எங்கள் வீடும் இரண்டு வருடத்துக்கு முன் அப்படித்தான் இருந்தது. இப்போது எங்கள் அல்சேசன் டைகர் விடிய ஒரு பத்து நிமிடம் வளவுக்குள் பாய்ந்து, பூர்ந்து, பலகையில் ஏறி இறங்கிவிட்டுத்தான் படுக்கிறான், போகிற வருகிற சைக்கிளுக்கெல்லாம் குரைப்பதும் பாதியாகக் குறைந்துவிட்டது.

அஜிலிற்றி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பார்த்த தடைதாண்டி ஓட்டத்தை நாய் ஓடும், நீங்கள் பக்கத்தில் ஓடி வழி காட்டுவீர்கள். குதிரைகள் தடை பாயும் போட்டியைப் பார்த்து 1978 இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளைக் காட்சியாகச் செய்ததில் தொடங்கியது.

தொடங்க முன்னம் மிருக வைத்தியரிடம் ஒருக்கால் காட்டுங்கள். அல்சேசன், லாப்ரடோர், ரொட்வைலர் போன்றவற்றுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் பரம்பரைக் குறை வரலாம். பெரிய இனங்களின் எலும்பு முற்ற ஒன்றரை வருடம் வரை, சிலதுக்கு அதற்கு மேலும் எடுக்கும், அதுவரை பாய வைக்கும் தடி நிலத்திலேயே கிடக்கட்டும். சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள், நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொண்டால் சில மணித்தியாலத்தில் உயிரே போய்விடும். சோறும் மீன் குழம்புமாகப் போட்டுக் கொழுக்க வைத்திருந்தால் முதலில் அதைக் குறையுங்கள்: விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

நேரம், காலை ஆறு மணி. எங்கள் வெயிலில் ஒன்பது மணிக்கு ஓடவிடுவது பாவம். நாக்கு கடுஞ்சிவப்பாகி, எச்சில் நூல்போல் தடித்து, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படவைத்து, வைத்தியரிடம் ஓடுங்கள்.

முதல் வாரம் ஒரு ஏணி போதும். முற்றத்தில் படுக்கப் போட்டு, அவிச்ச கோழி ஈரலைச் சின்னத் துண்டாகக் கையில் வைத்துக்கொண்டு, சட்டத்துக்குச் சட்டம் மெதுவாக நடத்துங்கள். பெரிய நாய்க்குத் தனக்குப் பின்னங்கால் இருப்பதே பாதி நேரம் ஞாபகம் இல்லை. டைகரின் முன்னங்கால் இரண்டும் அழகாகத் தூக்கி வைத்துப் போகும், பின்னால் ‘டக், டக்’ என்று நகம் சட்டத்தில் இடிக்கும். மூன்றாம் நாள் ஒரு இடியும் கேட்கவில்லை, நான் அன்று முழு ஈரலையும் கொடுத்துவிட்டேன். அது பிழை, நீங்கள் செய்யாதீர்கள்.

அப்புறம் தடி. நாலு லீற்றர் பெயின்ற் ரின் இரண்டைக் கவிழ்த்து, மேலே முக்கால் அங்குல பிவிசி பைப் ஒன்றைச் சும்மா வையுங்கள், ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயரம் வரும். கட்டக் கூடாது, கால் பட்டால் விழ வேண்டும். போட்டியில் பெரிய நாய்க்கு 60 சென்ரிமீற்றர் வாக்கில் வைப்பார்கள், அந்த நினைப்பே இப்போது வேண்டாம். மழைக்காலத்தில் செம்மண் வழுக்கும், அன்று பாய்ச்சலுக்கு லீவு.

இனி உங்கள் முறை. நான் ஒரு கிழமை முழுக்கக் கையை நீட்டி ‘பாய், பாய்’ என்று கத்தினேன், அவன் ஒவ்வொரு முறையும் குசினிப் பக்கம் ஓடினான். தம்பி போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தால் கை தடியைக் காட்டுகிறது, என் பாதமும் தோளும் குசினியைப் பார்க்கின்றன! நாய் வாயைவிட உடம்பைத்தான் நம்பும். அதனால் முதலில் நாயைக் கட்டிவைத்துவிட்டு நீங்கள் தனியாக ஓடிப் பாருங்கள், பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிப்பா, பரவாயில்லை. ஒரு தடைக்கு ஒரு சொல்: ‘பாய்’, ‘பூரு’, ‘ஏறு’. அப்பா ‘ஜம்ப்’ என்றும் அம்மா ‘தாண்டடா’ என்றும் சொன்னால் நாய்க்கு மண்டை காயும், வீட்டில் எல்லோரும் முதலே பேசி முடிவெடுங்கள்.

‘பூரு’ என்பதற்குச் சாப்பாட்டு மேசைக்கு மேல் தரப்பாளைப் போட்டு இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் சுரங்கம் ஆயத்தம். ஒருவர் இந்தப் பக்கம் பிடிக்க, மற்றவர் அந்தப் பக்கம் குனிந்து கூப்பிட வேண்டும்.

பலகையில்தான் அவசரப்படக் கூடாது. ஒரு அடி அகலப் பலகைக்கு மணல் கலந்த பெயின்ற் அடித்து, காய்ந்ததும் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு செங்கல் வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். முடிவில் முன்னங்கால் நிலத்திலும் பின்னங்கால் பலகையிலுமாக நிற்கப் பழக்கி, அந்த நிலையில் மட்டும் ஈரல் கொடுங்கள். போட்டிப் பலகையின் அடியில் வேறு நிறம் அடித்த 90 சென்ரிமீற்றர் பகுதியில் நாய் கால் வைத்தே ஆக வேண்டும். உயரத்திலிருந்து குதித்துத் தோள் மூட்டைக் கெடுக்காமல் இருக்கவும் இந்தப் பழக்கம் உதவும்.

வளைந்து வளைந்து ஓடும் கம்புகள், 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் பன்னிரண்டு, இப்போதைக்கு வேண்டாம். முதுகை முறுக்கும் வேலை அது. ஏணியில் சத்தமில்லாமல் நடந்து, மூன்று தடியை விழுத்தாமல் பாய்ந்து, நீங்களும் குசினியைப் பார்க்காமல் ஓடப் பழகிய பிறகு நாலு கம்பை ஊன்றிப் பார்க்கலாம்.