வாட்டர் ஃபெட் போல் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஏணி இல்லாமல், கயிற்றில் தொங்காமல், தரையில் நின்றபடியே மாடி ஜன்னலைக் கழுவ முடிகிறது. ஆளின் உயிருக்கு ஆபத்து குறைகிறது. வாட்டர் ஃபெட் போல் என்கிற இந்த நீளக் கம்பின் பெரிய வரம் அதுதான். கம்புக்குள் ஹோஸ் ஓடும். நுனியில் உள்ள பிரஷ் வழியாகத் தண்ணீர் வந்து அழுக்கை அலசிக்கொண்டு இறங்கிவிடும். ஆனால் இதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அதிகபட்சம் எத்தனை அடி போகும்?" என்பதுதான். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நீளம் கூடினால் கம்பு வளையும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே தடிமனுள்ள கம்பின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், நுனியில் அதே எடைக்கு வளைவு எட்டு மடங்காகும். வளைகிற கம்பில் பிரஷ் கண்ணாடியில் அழுந்தாது, சும்மா தடவிக்கொண்டு போகும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய துண்டுகளை இழுத்து நீட்டும் டெலஸ்கோப்பிக் கம்பில் இன்னொரு சங்கடம்: பாதி நீளத்துக்கு மட்டும் இழுத்து வேலை செய்தாலும், இழுக்காத துண்டுகளின் எடையும் கையில்தான். அதனால் உங்களுக்கு அதிகம் கிடைக்கிற வேலை எந்த உயரம் என்று பார்த்து வாங்குங்கள். சென்னையில் வழக்கமான ஜி பிளஸ் 2 (தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும்) கட்டடத்தில் மேல்மாடி ஜன்னலின் தலைப்பகுதி ஏறக்குறைய 29 அடியில் இருக்கும். நெஞ்சு உயரத்தில் பிடித்து, சுவரிலிருந்து 9 அடி தள்ளி நின்றால் 27 அடி நீளம் தேவை. 30 அடிக் கம்பு தாராளம்.

அந்த 9 அடி இடம் இருக்கிறதா என்பதை யாரும் அளப்பதில்லை. நம்மூரில் பக்கவாட்டுச் சந்து பல இடங்களில் 5 அடிதான். அங்கே கம்பு கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். கீழ்மாடி சன்ஷேடில் இடிக்கும். பிரஷ்ஷும் கண்ணாடியில் சமமாகப் படியாது. கோணம் மாற்றக்கூடிய வளைந்த கழுத்து, அதாவது கூஸ்நெக், கூடவே கிடைக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டு வீடியோவில் சன்ஷேடே இல்லாத சுவரைப் பார்த்து முடிவெடுத்தால் நம் ஊர்க் கட்டடத்தில் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது கம்பு எதில் செய்தது என்பது. கார்பன் ஃபைபர் லேசானது, விறைப்பானது, விலை அதிகம். கிளாஸ் ஃபைபர் கனமானது, வளையக்கூடியது, மலிவு. ஒரு மாடிக்கு கிளாஸ் ஃபைபரே போதும். நாள் முழுக்க 30 அடியில் வேலை என்றால் கார்பனுக்குச் செலவழிப்பதுதான் தோள்பட்டைக்கு நல்லது. ஆனால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கிளாஸ் ஃபைபர் கடத்தாது என்பது காய்ந்திருக்கும்போதுதான். அழுக்குத் தண்ணீர் வழியும் கம்பை நம்ப முடியாது. 11 கேவி (11,000 வோல்ட்) மின் லைன் கட்டடத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளிப் போனாலே நம் விதிப்படி சரி. அப்படி லைன் அருகில் போகிற சுவரில், மின் சப்ளையை நிறுத்தாமல் எந்தக் கம்பையும் தூக்கக் கூடாது. கஸ்டமர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

கம்புக்கே காசையெல்லாம் போட்டுவிட்டுத் தண்ணீரை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. இந்த முறையில் கண்ணாடியைத் துடைப்பதில்லை, தானாகக் காய விடுகிறோம். போர்த் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1000 இருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஆர்.ஓ. அதை 50 அளவுக்கு இறக்கும், அதுவும் போதாது. அப்புறம் மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியாக விட்டு 10க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஆர்.ஓ., ரெசின், டேங்க், பம்ப் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

ஸ்லைடிங் ஜன்னல்தான் அதிகம் என்றால் டிராக் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். வெளியே கிரில் போட்ட ஜன்னலுக்கு இந்தக் கம்பே உதவாது.

கடையில் கம்பை முழு நீளத்துக்கு இழுத்து, பிரஷ்ஷை மாட்டி, நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒவ்வொன்றையும் பூட்டி, துண்டைத் திருகிப் பாருங்கள். வழுக்கினால் அதை டைட் செய்ய ஸ்க்ரூ இருக்கிறதா என்று கவனியுங்கள். கிளாம்ப்பும் துண்டும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.