கல்லீரல் புற்றுநோய் எதிர்பாராத இடத்தில் பரவும்போது நடக்கும் தவறுகள்

முற்றிய கல்லீரல் புற்றுநோய் வழக்கமாகப் பரவுவது நுரையீரல், வயிற்று நிணநீர்க் கணுக்கள், எலும்பு, அட்ரீனல் சுரப்பி ஆகிய இடங்களுக்கு. அபூர்வமாகத் தாடை, ஈறு, மண்டையோடு, கண்குழி, தோல் ஆகியவற்றிலும் தலைகாட்டும். அங்கே வந்தால் பலருக்கும் கல்லீரல் நினைவுக்கே வருவதில்லை.

ஈறில் தடித்த கட்டியைச் சீழ் என்று எண்ணிப் பல்லைப் பிடுங்குவதுதான் மிக ஆபத்தானது. இந்தப் புற்றுக்கட்டியில் ரத்தக் குழாய்கள் அடர்ந்திருக்கும். கூடவே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) இருந்தால் பிளேட்லெட் எனும் ரத்தத் தட்டணுக்களும் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களும் குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தப்போக்கை நிறுத்துவதே பெரும்பாடு. பல்வலியோடு கீழுதட்டின் ஒரு பக்கமும் மோவாயும் மரத்துப்போயிருந்தால், தாடைக்குள் ஓடும் நரம்பைக் கட்டி அழுத்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பல் மருத்துவரிடம் கல்லீரல் நோயை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை), கான்ட்ராஸ்ட் சிடி (சாய மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) ஆகியவை முடிந்த பிறகுதான் பயாப்ஸி எனும் திசுப் பரிசோதனை.

முதுகுவலியைத் தேய்மானம் என்று ஒதுக்குவது அடுத்த தவறு. படுத்தாலும் குறையாத வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு இருந்தால் அன்றைக்கே முதுகெலும்பு முழுவதற்கும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். தண்டுவடம் நசுங்கி நடை போய்விட்டால் மீள்வது கடினம். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வாங்கி விழுங்காதீர்கள். சிரோசிஸ் உள்ளவரின் சிறுநீரகத்தைக் கெடுத்து, ரத்தக்கசிவையும் தூண்டும்.

பரிசோதனை நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவதும் உண்டு. எலும்பை அரிக்கும் கட்டிகள் போன் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். மெதுவாக வளரும் வகை பெட் ஸ்கேனில் ஒளிராமல் இருக்கலாம். கல்லீரல் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் ஏஎஃப்பி என்ற புரதம் உயராத நோயாளிகளும் ஏராளம்.

குழப்பமான பேச்சை, கல்லீரல் பழுதால் ரத்தத்தில் ‘அமோனியா ஏறிவிட்டது’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைவலி, வாந்தி, ஒரு பக்கப் பலவீனம் சேர்ந்திருந்தால் மூளை சிடி அவசரம். அங்கே பரவிய கட்டி எளிதில் ரத்தம் கசியும். கால்வீக்கமும் மூச்சிரைப்பும் திடீரெனக் கூடினால் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்க்கச் சொல்லுங்கள். கட்டி பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைவரை நீண்டிருக்கலாம்.

பயாப்ஸி ஊசியோ, கட்டியைச் சுட்டு அழிக்கும் அப்லேஷன் ஊசியோ குத்திய இடத்தில் மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்துக்கூட புற்றுச் செல்கள் பரவிச் சிறு முண்டு எழலாம். தழும்பு என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். வேறெங்கும் நோய் இல்லையென்றால், இதைப் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிட முடியும்.